குன்னூர்–ஊட்டி பாசஞ்சர்: மலை ரயிலின் மேல்பாதிக்கு ஒரு மதிப்புரை

நீலகிரி மலை ரயில் என்றால் மேட்டுப்பாளையத்தில் ஏறுவதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். பல்சக்கரப் பாதை, நீராவி இன்ஜின், கல்லாறு காடு எல்லாம் அந்தப் பக்கம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நீலகிரியில் யார் வந்தார்கள், எந்த ஊர் எதனால் வளர்ந்தது என்று பார்க்க நினைப்பவர்களுக்கு குன்னூரிலிருந்து ஊட்டி வரையுள்ள 18 கிலோமீட்டர் போதும். இந்த ஊர்கள் வளர்ந்து வளர்ந்து இன்று ஏறக்குறைய ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பஸ்ஸில் போனால் எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. ரயிலில் ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டேஷன் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் கீழ்ப்பாதை 1899-ல் குன்னூரை எட்டியது. ஊட்டிக்கு ரயில் வந்தது 1908-ல். கீழே 12 அடி போனால் ஒரு அடி ஏற்றம் என்கிற சரிவு, அதனால் தண்டவாளத்தின் நடுவே, இன்ஜினின் பல்சக்கரம் பற்றி ஏறப் பல்பாதை. மேலே 25 அடிக்கு ஒரு அடிதான், வெறும் தண்டவாளமே தாங்கும். டீசல் இன்ஜின் இழுப்பதால் வேகமும் சற்றுக் கூடுதல். புகை இல்லாத குறையைச் சிலர் சொல்வார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பார்க்கலாம் என்பது அதன் லாபம்.

குன்னூரிலிருந்து கிளம்பும்போது வண்டி முதலில் பின்னால் போகும். தவறான வண்டியோ என்று பதற வேண்டாம். ஊட்டிப் பாதை பிரியும் இடத்துக்குச் சற்றுப் பின்வாங்கித்தான் ஏற முடியும்.

முதல் நிறுத்தம் வெலிங்டன். முன்பு ஜக்கதளா என்று அழைக்கப்பட்ட இடம், ராணுவக் குடியிருப்பு வந்த பிறகுதான் இந்தப் பெயர். 1758-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இங்கேதான். முப்படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜும் இங்கேதான். பின்னாளில் ஃபீல்டு மார்ஷல் ஆன சாம் மானெக்ஷா அதன் தலைவராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு குன்னூரிலேயே குடியேறி, 2008-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். கல்லறை ஊட்டி பார்சி மயானத்தில்.

அடுத்தது அருவங்காடு. 1904 முதல் ஓடும் கார்டைட் தொழிற்சாலை, புகையில்லா வெடிமருந்து செய்யும் இடம். ஊரே அதைச் சுற்றி எழுந்ததுதான். இங்கேயும் வெலிங்டனிலும் கேமராவை உள்ளே வையுங்கள், பாதுகாப்புப் பகுதி.

இந்தப் பக்கத்து உப்பதலை கிராமத்தின் பெயரை எந்தக் கையேடும் சொல்வதில்லை, அது பெரிய குறை. ரயில் பாதைப் பணியில் ஒப்பந்ததாரராக இருந்த ராவ் பகதூர் பெள்ளி கவுடர் அந்த ஊர்க்காரர். அவருடைய மகன் ஆரி கவுடர் நீலகிரியின் படுகர் சமூகத்தில் முதல் பட்டதாரி, சென்னை மாகாண சட்டமன்றத்தில் நீலகிரிக்காகப் பேசியவர். வெள்ளைக்காரர் பெயர்களையே அடுக்கும் வழிகாட்டிகள் இவர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

கேத்தியில் பள்ளத்தாக்கு விரியும். சரிவெல்லாம் படிக்கட்டுப் பாத்திகள்: கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, நடுநடுவே ஹட்டி எனப்படும் படுகர் கிராமங்களின் ஓட்டுக்கூரை. எல்லநள்ளியில் 1949 முதல் இயங்கும் ஊசி ஆலையும் இந்த வட்டாரத்தைச் சேர்ந்ததுதான். லவ்டேலில் இருப்பது 1858-ல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி. லக்னோவில் இறந்த சர் ஹென்றி லாரன்ஸ் நினைவாக, ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது.

இனி நடைமுறை. மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் வரும் வண்டியில் இடம் முன்பே நிரம்பிவிடும். குன்னூரிலேயே புறப்படும் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். முன்பதிவு இல்லாத டிக்கெட் கவுண்டரில் கிடைக்கும், ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் முக்கால் மணி நேரம் முன்னதாக வரிசையில் நிற்க வேண்டும். பெட்டியில் கழிப்பறை கிடையாது. ஸ்டேஷனிலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள். பெட்டிக்குப் பெட்டி உள்ளே வழி இல்லை, குடும்பத்தோடு போனால் ஒரே பெட்டியில் ஏறுவது நல்லது. பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். குன்னூரைவிட ஊட்டி சுமார் 500 மீட்டர் உயரம், குளிர் வித்தியாசம் தெரியும். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள்.

குறை என்றால் ஸ்டேஷன்களில் இந்த வரலாற்றைச் சொல்லும் பலகைகள் போதாது. நிறுத்தமும் சில நிமிடம்தான், இறங்கிச் சுற்ற முடியாது. கேத்தியில் இறங்கிவிட்டால் அடுத்த வண்டிக்கு வெகுநேரம் காத்திருக்க நேரும், எல்லநள்ளி மெயின் ரோட்டுக்கு ஏறிப் பஸ் பிடிப்பதே வழி.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மண் சரிந்து கல்லாறு–குன்னூர் பாதை அடைபடுவது வழக்கம். அப்போதும் மேல்பாதி பெரும்பாலும் ஓடும். கிளம்புமுன் குன்னூர் ஸ்டேஷனில் கேட்டுவிடுங்கள். ஊட்டியில் இறங்கியதும் நேரமிருந்தால், 1831-ல் திறக்கப்பட்ட செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்குப் போய் உத்தரங்களை அண்ணாந்து பாருங்கள்: ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்புவின் அரண்மனையிலிருந்து மலையேற்றிக் கொண்டுவந்த மரம் அது.