தட்டச்சுக் கடைக்கு எந்த ஒஃபீஸ் மென்பொருள்?

2019ஆம் ஆண்டு ஒரு நாள் காலை, மண்டூரிலிருந்து, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் மட்டக்களப்பு வாவியைக் கடந்து ஓர் அம்மா களுவாஞ்சிக்குடியில் உள்ள என் கடைக்கு வந்தார். கணவரின் ஆண்டுத் திவசத்துக்கு அழைப்பு அடிக்க வேண்டும். "போன வருடம் நீங்கள் போட்ட அதே படத்தைப் போட்டுவிடுங்கள், மகள்" என்றார். அந்தப் படம் இருந்த கணினியை இரண்டு வாரத்துக்கு முன்புதான் வைரஸ் பூட்டிவிட்டிருந்தது. வீட்டிலிருந்த மூலப்படத்தைக் கரையான் தின்றுவிட்டதாம். மரண அறிவித்தலின் போட்டோப்பிரதி ஒன்றிலிருந்து படத்தை எடுத்துப் பார்த்தேன். கண்கள் இருந்த இடம் கறுப்பாகவே வந்தது. அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்றார். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அந்த வைரஸ் வந்த வழி எனக்குத் தெரியும். 2008இல் கடை தொடங்கியபோது கணினி விற்றவரே ஒஃபீஸையும் இலவசமாகப் போட்டுத் தந்தார். பிறகு ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் யாரோ ஒருவர், பணம் கட்டாமலே அதை ஓடவைக்கும் 'திறப்பு' ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுவருவார். அப்படி வந்த திறப்பு ஒன்றுதான் வீட்டைத் திருடனுக்குத் திறந்துவிட்டது. திருட்டுப் பிரதியில் இன்றும் வேலை செய்கிற கடைகள் நம் பகுதியில் ஏராளம். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். மற்றவர்களின் காணி உறுதியையும் நினைவு மலரையும் வைத்திருக்கும் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

அதன்பின் ஒஃபீஸுக்குக் காசு கட்டி மைக்ரோசொஃப்ட் 365 சந்தா எடுத்தேன். தனிநபர் சந்தா வீட்டுப் பாவனைக்கு உரியது, கடைக்கு வணிகச் சந்தாதான் எடுக்க வேண்டும். நல்லதை நல்லது என்றே சொல்கிறேன். வேர்டும் எக்செலும் அத்தனை கச்சிதம். கோப்புகள் தாமாகவே மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் ஏறிக்கொள்ளும், 1 டெராபைட் இடம் கிடைக்கும், நேற்றைய பிரதி வேண்டுமென்றால் அதையும் மீட்கலாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றது அல்லவா, அப்போது பாதியில் நின்ற வினாத்தாள் ஒன்றும் எழுத்துக் குறையாமல் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

ஆனால் சந்தாவை டாலரில் கட்டினேன். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டாலர், மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. சந்தா புதுப்பிக்கும் நாளும் அந்த மே மாதத்தில்தான் வந்தது. ஒரு பக்கம் தட்டச்சுக்கு நான் வாங்கும் கூலி அதற்கேற்றபடி ஏறவில்லை, ஏற்றவும் மனம் வரவில்லை. மரண வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பது?

சந்தா என்பது வாடகைதான். காலம் முடிந்தால் கோப்பைத் திறக்கலாம், அச்சிடலாம். புதிதாக எழுதவும் முடியாது, இருப்பதைத் திருத்தவும் முடியாது. வணிகச் சந்தாவில் அவகாசமும் கடந்துவிட்டால் ஒன்டிரைவில் இருப்பவை அழிக்கப்பட்டுவிடும். இதைப் படித்த அன்றே எல்லாவற்றையும் இறக்கி இரண்டு வன்தட்டுகளில் ஏற்றினேன். மண்டூர் அம்மா கண்முன்னே நின்றார்.

இப்போது கடையின் மூன்று கணினிகளிலும் லிப்ரே ஒஃபீஸ் ஓடுகிறது. ஓப்பன் ஒஃபீஸிலிருந்து 2010இல் பிரிந்து வளர்ந்த மென்பொருள் இது. விலையே இல்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை, இணையம் இல்லாமலே வேலை செய்யும். முதல் மாதம் சிரமப்பட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. சிரமம் முழுவதும் தமிழ் எழுத்தில்தான்.

எங்கள் தொழிலில் பாதி இன்னும் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றும் தானியங்கித் திருத்தம் உள்ளே இருந்தால், பாமினியில் அகரம் ஆகாரமாகிவிடும். 'அன்புடையீர்' என்று அடித்து இடைவெளி விட்டவுடன் 'ஆன்புடையீர்' என்று நிற்கும். 'அன்னார்' என்பது 'ஆன்னார்' ஆகும். வேர்டிலும் இந்தத் தொல்லை உண்டு, அங்கே எப்போதோ நிறுத்தி வைத்திருந்ததால் மறந்துபோயிருந்தேன். லிப்ரே ஒஃபீஸை நிறுவியதும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தத் திருத்தத்தை நிறுத்துவதுதான்.

கணினி தமிழாகவே அறிந்துகொள்ளும் யூனிகோட் எழுத்துக்கு வேறொரு சங்கதி. எழுத்து அமைப்புப் பெட்டியில் மேற்கத்திய எழுத்துகளுக்கு ஒரு பக்கமும் தமிழ் போன்ற சிக்கலான வரிவடிவங்களுக்கு வேறொரு பக்கமும் இருக்கின்றன. மேற்கத்தியப் பக்கத்தில் அளவை 14 ஆக்கிவிட்டு, தமிழ் அப்படியே 12இல் நிற்கிறதே என்று என்னிடம் வேலை செய்யும் தங்கச்சி ஒரு மதியம் முழுக்க மல்லாடினாள். மொழி அமைப்பில் தமிழைத் தேர்ந்து, இயல்பு எழுத்துருவை ஒருமுறை சரியான இடத்தில் வைத்துவிட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. பாமினி மேற்கத்தியப் பக்கத்துக்குக் கட்டுப்படும், யூனிகோட் மற்றப் பக்கத்துக்கு. இந்த ஒரு வரி தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எனக்கு மிகவும் பிடித்தது கலப்புப் பிடிஎஃப். ஏற்றுமதி செய்யும்போது ஒரு பெட்டியில் சரியடையாளம் போட்டால், பிடிஎஃப்புக்குள்ளேயே திருத்தக்கூடிய மூலக் கோப்பும் போய் உட்கார்ந்துகொள்ளும். எந்தக் கடையிலும் அது அப்படியே அச்சாகும். லிப்ரே ஒஃபீஸில் திறந்தால் திகதியை மாற்றலாம். நினைவு மலர், திவச அழைப்பு எல்லாவற்றையும் இப்படியே குடும்பத்தாரின் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். என் கடை நாளைக்கு இல்லாமல் போனாலும் அவர்களுடையது அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

வெளியிலிருந்து வரும் வேர்ட் கோப்புகளில்தான் கவனம் தேவை. பழைய கலிப்ரி எழுத்துரு என்றால் அதே அகலமுள்ள கார்லிட்டோ லிப்ரே ஒஃபீஸோடு வருகிறது, வரிகள் நகராது. மைக்ரோசொஃப்ட் இப்போது இயல்பாக வைத்திருக்கும் அப்டோஸ் நம் கணினியில் இல்லாவிட்டால் வேறொன்று மாற்றாக வந்து, பக்கங்கள் தள்ளிப்போகும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் கட்டுரை கொண்டுவரும் பிள்ளைகளிடம், எழுத்துருக்களைக் கோப்புக்குள் பதித்துச் சேமியுங்கள், கூடவே ஒரு பிடிஎஃப்பும் கொண்டு வாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எக்செல் மக்ரோக்கள் (தானாக ஓடும் கட்டளைகள்) நிறைந்த கணக்குப் புத்தகங்களை நான் ஏற்பதில்லை. லிப்ரே ஒஃபீஸ் அவற்றில் சிலவற்றை ஓட்டும், சிலவற்றை ஓட்டாது. பிறர் பணக் கணக்கில் 'சில' என்ற சொல்லுக்கு இடம் கொடுக்க முடியாது.

அப்படிப்பட்ட வேலை அதிகமுள்ளவர்கள் ஒருமுறை பணம் கட்டி வாங்கும் ஒஃபீஸ் 2024ஐப் பார்க்கலாம். ஒரு கணினிக்கு ஓர் உரிமம், 2029 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். 2016, 2019 பதிப்புகளுக்கு அது 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டது. நான்கைந்து பேர் வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே அறிக்கையைத் திருத்தும் அலுவலகம் என்றால் சந்தாதான் சரி. அங்கே லிப்ரே ஒஃபீஸைப் பரிந்துரைக்க மாட்டேன். கூகுள் டொக்ஸ் மாதர் சங்கக் கூட்டக் குறிப்புக்குப் போதும். நம் கணினியிலுள்ள பாமினியை அங்கே கொண்டுபோக வழியில்லாததால் எனக்கு அது உதவவில்லை.

வாவியின் இக்கரையான எழுவான்கரையிலோ அக்கரையான படுவான்கரையிலோ தட்டச்சுக் கடை வைத்திருப்பவர்கள் மாற நினைத்தால், முதலில் ஒரு கணினியில் மட்டும் போட்டு ஒரு மாதம் பழகுங்கள். பாமினி அமைப்பு பிடிபடாவிட்டால் வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைக்கு வாருங்கள், கூட்டம் குறைவு, இருந்து காட்டித் தருகிறேன்.