நான்கு வருடம் ஓடிய இங்க் டேங்க் பிரிண்டரும் வடைத்தாள் வாசகர்களும்

நேற்று நண்பன் போனில் கேட்டான்: "மக்கா, நீ வச்சிருக்கிய பிரிண்டருக்கு விலை குறைஞ்சிருக்கு, வாங்கட்டா?" அன்றுதான் அது மூன்றாவது முறையாக ரிப்பேரிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தது. உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை.

வேகம், ரெசல்யூஷன் எல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும். எனக்கு அதில் ஒரே வேலைதான். நாஞ்சில்நாட்டுக் குளங்களைப் பற்றி மாதம் ஒரு தாள், முன்னும் பின்னும் எழுதி, 60 பிரதி எடுத்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறேன். தேரூர், பறக்கை, மாணிக்கப்புத்தேரி என்று ஒவ்வொரு குளமாக, அதன் மடை, மறுகால் (குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி), பாசன வயல் எல்லாம் வரும். முதல் பக்கத்தின் அடியில் என் நம்பர் இருக்கும்.

என்னை நான்கு வருடமாகப் பாடாய்ப்படுத்துவது இதுதான். இதில் இரண்டு பக்கமும் தானாக அடிக்காது. முன்பக்கம் முடிந்ததும் தாள்கட்டைத் திருப்பி வைக்க வேண்டும். நம் குமரி மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. தாள் ஈரம் இழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ரோலர் இரண்டு தாளைச் சேர்த்து இழுக்கும். மேல் தாளில் எழுத்து விழும், அடியில் போனதன் பின்பக்கம் வெறும் வெள்ளை. ஒரு ஐப்பசியில் 60-க்கு 15 தாள் இப்படிப் போயிற்று. கட்டை விசிறிப் பார்த்தேன், அரிசிப் பானைப் பக்கம் வைத்தும் பார்த்தேன். ஒட்டுவது நிற்கவில்லை.

வீணான தாள்களை அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம் ஒரு பெரியவர் கூப்பிட்டார்.

"தம்பி, வடை மடிச்சுத் தந்த தாள்ல உங்க நம்பர் கெடந்து. 'மறுகால் பாய்ந்தால் முதலில் நனைவது'ன்னு நிக்குது. திருப்பிப் பாத்தா ஒண்ணுமில்ல. மீதி எங்க?"

மீதியை வாசிக்கிறேன் என்றேன். "வேண்டாம், நான் சொல்லுதேன்" என்று தொடங்கியவர் அரைமணி நேரம் பேசினார். வயல் என்றுதான் நான் எழுதியிருந்தேன். அவர் ஊரில் களத்து வைக்கோல்தான் முதலில் நனையுமாம். இளவயதில் குளத்தில் முங்கி மடைப்பலகை தூக்கியவர் அவர். அடுத்த மாதத் தாள் முழுக்க அவர் சொன்னதுதான்.

அப்புறம் சவுதியிலிருந்து ஒரு பையன். அம்மா கொடுத்துவிட்ட ஏத்தங்காய் சிப்ஸ் டப்பாவின் அடியில் விரித்திருந்த தாளைப் படம் எடுத்து அனுப்பினான். எண்ணெய் ஊறித் தாள் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. பின்பக்கம் காலி என்பதால் ஒரு வரிகூடக் குழம்பவில்லை. பறக்கைக் குளத்தில் இப்பவும் தாமரை கிடக்கா என்று கேட்டிருந்தான். நூலகப் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்த தாளைப் பார்த்து ஒரு டீச்சர் கூப்பிட்டார்.

இப்படி வந்தவர்கள் இதுவரை 11 பேர். என் கையிலிருந்து வாங்கியவர்களில் படித்துவிட்டுக் கூப்பிட்டவர்கள் நாலு பேர்தான். அச்சுமை பட்ட தாளில் பலகாரம் மடிப்பது உடம்புக்கு ஆகாது. அதனால் இப்போதெல்லாம் பேப்பர்காரருக்குப் போடாமல், முடிவெட்டும் கடையிலும் சைக்கிள் கடை பெஞ்சிலும் நானே கொண்டுபோய் வைக்கிறேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். கறுப்பு எழுத்து அருமை. எட்டு பாயிண்ட் அளவில் பொடி எழுத்தாக அடித்தாலும் மெய்யெழுத்தின் புள்ளி அடைத்துக்கொள்ளாது. சாயா சிந்தினாலும் கரையாது. நீலத் தலைப்பு மட்டும் கரைந்துவிடும். ஆனால் பத்து நாள் சும்மா விட்டால் மை துப்பும் ஹெட் அடைத்துக்கொள்ளும். கிளீனிங் போட்டால் மை வீணாகி உள்ளே இருக்கும் பஞ்சில் போய்ச் சேரும். அந்தப் பஞ்சு நிறைந்தால் பிரிண்டர் அப்படியே நின்றுவிடும். இந்த முறை நடந்தது அதுதான். பஞ்சை மாற்றி ரீசெட் செய்ய 1,400 ரூபாயும் 12 நாளும் ஆயிற்று. கார்த்திகைத் தாள் மார்கழியில்தான் போனது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் நண்பனுக்கு என் பதில்: வாங்காதே மக்கா. இரண்டு பக்கமும் தானாக அடிக்கிற ஒன்றைக் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்கு. என்னுடையதைக் கேட்டாலும் தரமாட்டேன். நேற்று ராத்திரி அடித்ததில் ஏழு தாள் ஒட்டிக்கொண்டு வந்தன. காலையில் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோகப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.