பக்கப் படமா, தட்டச்சிட்ட பாடமா?

கைப்பேசியில் தமிழ் நூல் தேடுவோருக்கு இருவகை நூலகங்கள் திறந்திருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து எழுத்தாவணங்களை 2005 முதல் திரட்டிவரும் நூலகம் திட்டமும் பெரும்பாலும் அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்து படங்களாகத் தருகின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமோ தன்னார்வலர்கள் தட்டச்சிட்டு மெய்ப்புப் பார்த்த பாடத்தை, அதாவது நூலின் வாசகத்தை எழுத்தாகவே, தருகிறது.

பக்கப் படம் முழுதாகத் திரைக்குள் அடங்கினால் எழுத்து எறும்பாகச் சுருங்கிவிடுகிறது. பெரிதாக்கினாலோ ஒவ்வொரு வரிக்கும் விரலால் வலப்பக்கம் இழுத்து, மீண்டும் இடப்பக்கம் திரும்ப வேண்டியிருப்பதால், பத்துப் பக்கங்களுக்குள் கதையின் ஓட்டம் அறுந்துபோகிறது. தட்டச்சிட்ட பாடத்தில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி திரைக்குள் மடங்கிக்கொள்ளும். திருக்குறள் முழுவதும் ஒரு எம்பிக்குள் அடங்கும். வேண்டிய சொல்லைத் தேடியும் எடுக்கலாம்.

ஆனால் செய்யுளில் அந்த மடிப்பே குறையாகிறது. எழுத்தைப் பெரிதாக்கியதும் முதலடியின் நான்காம் சீர் கீழே விழ, ஈரடிக் குறள் நான்கு வரியாக நிற்கும்போது, யாப்பறிந்த கண்ணுக்கு அது உறுத்தும். பக்க எண்ணும் பெரும்பாலும் தொலைந்துவிடுவதால், மேற்கோள் காட்டவும், பதிப்புக்குப் பதிப்பு சொல் மாறும் பாடபேதம் சரிபார்க்கவும் படத்தையே நாட வேண்டியுள்ளது.

எனினும் என்னைப் பாடத்தின் பக்கம் நிறுத்துவது வேறொன்று. பார்வையற்ற வாசகரின் கைப்பேசியில் டாக்பேக் போன்ற திரைவாசிப்பான் யூனிகோடு எழுத்தைத் தமிழிலேயே படித்துக்காட்டுகிறது. பின்னணியில் எழுத்தைத் தாங்கும் எழுத்தடுக்கு இல்லாத வெறும் படத்தில் அதற்குப் படிக்க எதுவும் இல்லை. அவருக்கு அந்த நூல் பூட்டிய அலமாரியில் இருப்பதற்குச் சமம்.

படத்தை இயந்திரமே எழுத்தாக மாற்றாதா என்று கேட்கலாம். மாற்றும், பிழைகளோடு. மிகப் பழைய அச்சுகள் சிலவற்றில் ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் இருக்கும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் தும்பிக்கை வைத்த ‘லை’யும் ‘னை’யும் வரும். இவற்றில் தடுமாறிய இடங்களை மனிதக் கண்தான் திருத்தியாக வேண்டும்.

அந்த உழைப்பு அளவானது என்பதால், நாட்டுடைமையாக்கப்பட்ட நாவல்களிலும் சிறுவர் கதைகளிலும் அதை முதலில் செலவிட வேண்டும். பேருந்தில் நின்றபடி படிக்கப்படுபவை அவையே. அட்டையும் விளம்பரமும் பக்க அமைப்பும் சேர்ந்தே பொருள் தரும் பழைய இதழ்கள் இப்போதைக்குப் படமாகவே இருக்கலாம்.