அம்பாஸடர் இன்ஜினைப் பிரிக்கக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அப்பா 1984-ல் வாங்கிய மார்க் 4 அம்பாஸடர். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். ஆயில் குடிக்கிறது, புகை தள்ளுகிறது என்று போன தை மாதம் கோவையில், தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்கிற ஒரு ரீபோரிங் பட்டறையில் இறக்கினேன். பட்டறைப் பெயரைச் சொல்லி வம்பு வளர்க்க எனக்குத் தெம்பில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

போரிங், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கிரைண்டிங், புது பேரிங், கிளட்ச் என்று பில் 46,500. அதில் ஒரு வரி: ‘த்ரஸ்ட் வாஷர் ஓவர்சைஸ், 1 செட்’. கிராங்க் முன்னும் பின்னும் அதிகம் நகராமல் தாங்கும் வாஷர், வழக்கத்தைவிடத் தடிமனானது என்று அர்த்தம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை எடுக்கும்போது, “அண்ணே, எண்ட் ப்ளே எவ்வளவு வந்துச்சு?” என்று கேட்டேன். “அதெல்லாம் கையிலயே பாத்தாச்சு சார், கரெக்டா இருக்கு” என்றார் பட்டறைக்காரர். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

கிராங்க் முன்னும் பின்னும் அசைய மயிரிழை இடம் வேண்டும், அதற்குப் பேர்தான் எண்ட் ப்ளே. இந்த இன்ஜினுக்கு அது 2 முதல் 3 தவ். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மில்லிமீட்டரில் 0.05-லிருந்து 0.076. கையால் பார்க்கிற சமாச்சாரமா இது? மெயின் பேரிங் மூன்றில் நடு பேரிங்கின் இரண்டு பக்கமும் பிறை மாதிரி இரண்டிரண்டாக நான்கு த்ரஸ்ட் வாஷர்கள் உட்காரும். கிளட்சை மிதித்தால் அந்த அழுத்தம் ஃபிளைவீல் (கிராங்கின் பின்முனையில் இருக்கும் கனத்த சக்கரம்) வழியாக கிராங்கை முன்பக்கம் தள்ளும். தாங்கிப் பிடிப்பது பின்பக்க ஜோடி வாஷர்தான். இடைவெளி குறைந்தால் ஆயில் நுழைய வழியில்லாமல் வாஷர் கருகும். கூடினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

முதல் வாரமே சிக்னலில் கிளட்சை மிதித்தால் ‘டொக்’ என்றது. ஐடிலிங்கும் இறங்கியது. போன் செய்தால், “புது கிளட்ச் சார், செட்டாகணும்.” மறுபடி கொண்டுபோனேன், ரிலீஸ் பேரிங் என்று சொல்லி அதையும் மாற்றி 2,800 வாங்கினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. 800 கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

கடைசியில் பொள்ளாச்சியில் ஒரு பெரியவரிடம் போனேன். டாக்ஸி ஸ்டாண்ட் காலத்திலிருந்து அம்பாஸடர் மட்டுமே பார்த்தவர். பானெட்டைத் திறந்துவிட்டு, “தம்பி, ஏறி உக்காந்து கிளட்ச மிதி” என்றார். சத்தத்துக்கு அவர் காது கொடுக்கவே இல்லை, கிராங்க் புல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். நெம்புகோல் வைத்துப் பின்னுக்குத் தள்ளுவார், நான் மிதிப்பேன், புல்லி ரேடியேட்டர் பக்கம் நகரும். வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அப்புறம் நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் டயல் கேஜை மேக்னட் ஸ்டாண்டில் மாட்டிக் காட்டினார். 22 தவ். அரை மில்லிமீட்டருக்கும் மேல்!

இன்ஜினை இறக்கி, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றினால் அடியில் கறுப்புக் குழம்பு. அதில் ஒரு காந்தத்தை வைத்தார். எடுத்தபோது முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு இரும்புப் பொடி. நடு பேரிங்கைப் பிடித்திருக்கும் கேப்பைக் கழற்றியதும் பெரியவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாஷரில் ஆயில் ஓட வெட்டிய பள்ளம் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும். இதில் பள்ளம் உள்பக்கம், அதாவது பேரிங் பக்கம் திரும்பி, வெறும் எஃகு முதுகு கிராங்கோடு உரசிக்கொண்டிருந்தது. தெரியாமல் திருப்பிப் போட்டிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பெரியவர் பள்ளத்தை நகத்தால் தடவச் சொன்னார். பாதிக்கு மேல் தேய்ந்து மழுங்கியிருந்தது. உள்பக்கம் பார்த்த முகம் எதிலும் உரசாது; அது தேய்ந்திருக்கிறதென்றால் வேறு வழியில்லை, அது அப்பா காலத்துப் பழைய வாஷர். அதையே திருப்பிப் போட்டுவிட்டு, பில்லில் ஓவர்சைஸ் புதுசு!

பட்டறைக்குப் போய்க் கேட்டேன். “டப்பாவ உங்ககிட்ட காமிச்சோமே சார்” என்றார்கள். காட்டினார்கள்தான். டப்பாவுக்குள் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. கழற்றிய பழைய வாஷர் எங்கே என்றால், “காயலான் கடைக்குப் போயிடுச்சு.” அது என் சட்டைப் பையில்தான் இருந்தது, எடுத்து மேசைமேல் வைத்தேன். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. காசும் திரும்பவில்லை.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், நடு கேப் டைட் செய்கிற அன்று பக்கத்தில் போய் நில்லுங்கள். கிராங்கை ஒரு பக்கமாக நெம்பிவிட்டு, வாஷருக்கும் கிராங்குக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. முகம் சுளித்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். கழற்றிய சாமான் எல்லாம் பையில் போட்டுத் தரவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

என் கிராங்கின் பக்க முகம் வரிவரியாக அரிந்து போயிருந்தது. அதை மறுபடி கிரைண்டிங் செய்து, நிஜமான ஓவர்சைஸ் வாஷரை மைக்ரோமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து போட்டார் பெரியவர். இரண்டு நாள் ஆனது. கூலி 9,000. பில் புத்தகமெல்லாம் அவரிடம் கிடையாது. வாஷர் வந்த டப்பாவைக் கிழித்து, அட்டையின் பின்பக்கம் பென்சிலில் ‘எண்ட் ப்ளே 2½’ என்று எழுதிக் கொடுத்தார்.