பச்சைக் கதிர்க்குருவியா, பிளித் நாணல் கதிர்க்குருவியா?

செப்டம்பர் பிறந்தால் பெங்களூருக்குப் பச்சைக் கதிர்க்குருவி (Greenish Warbler), பிளித் நாணல் கதிர்க்குருவி (Blyth's Reed Warbler) என்ற இந்த இரண்டு குருவிகளும் வலசை வந்துவிடும். ஏப்ரல் வரை இங்கேதான். லால்பாகிலும் கப்பன் பூங்காவிலும் புதிதாகப் பறவை பார்ப்பவர்கள் இவற்றைக் குழப்பிக்கொள்வதற்கு முக்கியக் காரணம், நிறத்தை நம்புவது. அடர்ந்த மரநிழலில் இலைகளில் பட்டு வரும் வெளிச்சம் பழுப்பு நிறப் பிளித்துக்கும் பச்சைச் சாயம் ஏற்றிவிடும்.

முதலில் காதைத் தீட்டுங்கள். பச்சைக் கதிர்க்குருவி 'சி-வீ' என்று இரண்டு அசையில் கூர்மையாகக் கூப்பிடும். பிளித், இரண்டு கூழாங்கற்களைத் தட்டினாற்போல் 'டக்... டக்' என்னும். குரல் தெளிவாகக் கேட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது.

அடுத்தது உயரம். பச்சைக் கதிர்க்குருவி தூங்குமூஞ்சி மரத்தின் மேற்கிளைகளில் ஓயாமல் இலை இலையாகத் தாவிப் பூச்சி பொறுக்கும். பிளித் உண்ணிப்பூப் புதர், வேலிச்செடி, மூங்கில் என்று தாழ்வாகவே திரியும். ஆனால் பூத்த மரத்துக்கு அதுவும் ஏறும். உயரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

பார்வைக்குச் சிக்கினால் முகத்தைப் பாருங்கள். பச்சைக்கு வெளிர் புருவம் கண்ணைத் தாண்டிப் பின்தலை வரை நீளும். பிளித்துக்குக் கண்ணுக்கு முன்னால் மட்டுமே தெளிவாக இருக்கும். அலகும் நீளம், நெற்றி சரிவு. பச்சை 10 - 11 செ.மீ., பிளித் சற்றுப் பெரிது. பச்சையின் சிறகில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று உண்டு. பலரும் இதைத்தான் தேடுகிறார்கள், இதில்தான் ஏமாறுகிறார்கள். இறகு நுனி தேயத் தேயக் கோடும் மறைந்துவிடும். கோடு இருந்தால் சாட்சி. இல்லை என்பது எதற்கும் சாட்சியல்ல.

முகமும் தொண்டையும் மஞ்சளாக, குரல் மூன்று அசையாக இருந்தால் அது கிரீன் வார்ப்ளர் (Green Warbler) என்ற வேறொரு கதிர்க்குருவியாக இருக்கலாம். ஜூன் மாதம் பார்த்தீர்களா? பெரும்பாலும் நம்மூர்த் தையல்சிட்டுதான். செம்பழுப்பு உச்சி, தூக்கிய வால்.

பைனாகுலரில் 10x42-ஐ விட 8x42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்லென்ஸ்) தேவலை. பார்வைப் பரப்பு அகலம், கைநடுக்கமும் குறைவாகத் தெரியும்; இரண்டு நொடி நிற்காத குருவிக்கு அதுதான் முக்கியம். அசைவை வெறுங்கண்ணால் பிடித்து, கண்ணை எடுக்காமல் பைனாகுலரை உயர்த்துங்கள். மொபைலில் படம் எடுக்க மெனக்கெட வேண்டாம், 30 நொடி குரலைப் பதியுங்கள். வண்டிச் சத்தம் ஏறுவதற்குள், காலை 8 மணிக்கு முன் பதிந்தால், குரலை வைத்துப் பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலியும் ஓரளவு உதவும். பதிந்த குரலை ஒலிக்கவிட்டுக் குருவியை வரவழைக்காதீர்கள். இரை தேடும் நேரம் அதற்கு வீண்.

குரலும் இல்லை, முகமும் தெரியவில்லை என்றால் பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் 'வார்ப்ளர்' (கதிர்க்குருவி) என்ற பொதுப்பிரிவில் பதிந்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போங்கள்.