ஜனவரியில் காசு, ஏப்ரலில் வேரில்லாக் கொப்பு: கறிவேப்பிலைக் கன்று தேடுபவர்கள் கவனம்

285 டொலர். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் கன்று வளர்க்கிறவர்கள், மே மாத நடுகைக்கு இப்போதே விதையும் கன்று வளர்க்கிற லைற்றும் தேடித் திரிகிறவர்கள் எல்லாரும் இதை வாசித்துவிட்டுப் போங்கள். ஊர் விதை, கறிவேப்பிலைக் கன்று என்று முகநூலில் விற்கும் ஒரு பக்கத்திடம் என் 285 டொலர் போய்விட்டது. இனித் திரும்பி வராது என்பது இன்று காலைதான் உறுதியானது. பக்கத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் பதிவையே தூக்கிவிடுவார்கள் என்கிறார்கள், அதோடு இந்த மாதிரிப் பக்கம் ஒன்றை மூடினால் இரண்டு திறக்கும். நடந்ததைச் சொல்கிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

இங்கே தோட்டம் செய்கிறவர்களுக்கு ஜனவரி எப்படி என்று தெரியும். பின்வளவு முழுக்கப் பனி. ஒக்டோபரில் ஊன்றிய உள்ளி அதற்குக் கீழே பேசாமல் கிடக்கும், அதற்கு ஒருவரும் ஒன்றும் செய்யத் தேவையில்லை. கவலையெல்லாம் உள்ளே நிற்கும் கறிவேப்பிலையைப் பற்றித்தான். டிசம்பரில் பகல் ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை. ஹீற்றர் காற்றைக் காயவைத்துவிடும். இலை மஞ்சளாகிக் கொட்டும், இலைக்குக் கீழே சிலந்திப்பேன் வலை பின்னும். என்னுடைய பழைய மரம் போன மாரியில் அப்படித்தான் செத்தது. அதற்குப் பதிலாக ஒன்று வாங்கத்தான் அந்தப் பக்கத்துக்கு எழுதினேன்.

நம்பியது படத்தைப் பார்த்து இல்லை, கதையைக் கேட்டு. தொலைபேசியில் ஒரு தம்பி வந்தார். "அக்கா, கன்றை இப்ப அனுப்பமாட்டன். மைனஸ் பதினைஞ்சில பெட்டிக்குள்ளயே கருகிப்போயிடும். காசைக் கட்டிப் பதிஞ்சு வையுங்கோ, ஏப்ரல் பிறக்க நானே கொண்டுவந்து தாறன்." ஏமாற்றுகிறவன் இப்படியா கதைப்பான்? குளிரைச் சொல்லி எந்தக் கடை விற்பனையைத் தள்ளிப்போடும்? இன்னும் கேட்டேன், எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. மிளகாய் விதையைப் பெப்ரவரி கடைசியில் போடுங்கோ, மண் 25 பாகைக்கு மேலே இருந்தால்தான் ஒழுங்காக முளைக்கும், பேஸ்மென்ற் குளிர், அதனால் ஹீற் மற் (சட்டிக்குக் கீழே விரிக்கிற சூடாக்கும் பாய்) கட்டாயம் வேண்டும். தக்காளி மார்ச் கடைசியில். பாவலுக்கும் புடோலுக்கும் அவசரமில்லை, ஏப்ரல் கடைசியில் சட்டியில் போட்டு, மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்டோரியா நாள் முடிய வெளியே வைக்கலாம். அவ்வளவும் உண்மை. அதில் இன்றைக்கும் நான் ஒரு பிழை சொல்லமாட்டேன். எந்த ஊர் அக்கா என்று கேட்டார். சொன்னேன். எங்கள் கோயில் தேரைப் பற்றிக்கூட இரண்டு வார்த்தை கதைத்தார்.

கன்று இரண்டும் 90, குறோ லைற் 120, ஹீற் மற் 35, விதை பத்துப் பைக்கற் 40. மொத்தம் 285 டொலர். கடன் அட்டையில் கட்டலாமா என்று கேட்டேன். "கார்ட் எண்டா மூண்டு வீதம் வெட்டுவாங்கள் அக்கா. இ-ட்ரான்ஸ்பர் போடுங்கோ, அந்தக் காசுக்கு வெண்டி விதை ஒரு பைக்கற் கூட வைக்கிறன்." இ-ட்ரான்ஸ்பர் என்றால் வங்கிக் கணக்கிலிருந்து மின்னஞ்சல் வழியாக நேரே காசு அனுப்புவது. போட்ட கையோடு காசு அவருடைய கணக்கில் விழுந்துவிட்டது. கேள்வியும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. தானாக வரவாகும்படி வைத்திருக்கிறார்.

கன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒரு கிழமையில் வரும் என்றார். பெப்ரவரி முழுக்க ஒன்றும் வரவில்லை. முதலில் சாமான் பிராம்டனில் நிற்கிறது என்றார். பிறகு தபால் பிந்துகிறது. பிறகு பனிப்புயல் (அன்று ஸ்காபுரோவில் கண் கூசுகிற வெயில்). பிறகு மொன்றியலில் பெரியம்மா தவறிவிட்டார், அதற்கு நான் அனுதாபம் வேறு எழுதினேன். கண்காணிப்பு இலக்கம் கேட்டால் கும்பிடுகிற கைப் படம் ஒன்று வரும். மார்ச்சில் அழைப்பை எடுப்பதையே விட்டுவிட்டார், குரல்பதிவு மட்டும்தான்: "அக்கா, ட்ரைவிங்ல நிக்கிறன், பின்னேரம் எடுக்கிறன்." எந்தப் பின்னேரமும் எடுக்கவில்லை. மிளகாய் போடும் காலமும் தாண்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு பெட்டி வாசலில் கிடந்தது. ஹீற் மற் இல்லை. லைற்றில் 1000 வாட் என்று பெரிதாக அடித்திருந்தது. மகன் மின்சாரம் அளக்கிற கருவியில் செருகிப் பார்த்தான். 38! பின்பக்கத்தில் சிஎஸ்ஏ, சியூஎல் என்று கனடாவில் செல்லுபடியாகும் முத்திரை எதுவும் இல்லை. சிஇ என்று மட்டும் இருந்தது, அது இங்கே கணக்கில்லை. அங்கீகாரம் இல்லாத மின்சாதனத்தை ஒன்ராறியோவில் விற்கவே கூடாது. நாளுக்குப் பதினாறு மணித்தியாலம், ஆளில்லாத பேஸ்மென்றில் எரியப்போகிற சாமான். வயரைத் தொட்டால் சூடு.

விதையைச் சொல்லவே வேண்டாம். சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகள், வருடம் இல்லை, எங்கே விளைந்தது என்று இல்லை, பேனாவால் பெயர் மட்டும். பயற்றங்காய்ப் பையைக் கவிழ்த்தேன், விதையோடு தூளும் கொட்டியது. எடுத்துப் பார்த்தால் விதைக்கு விதை குண்டூசித் தலையளவு ஓட்டை, கம்பசால் கீறியது போல அவ்வளவு வட்டம். வண்டு உள்ளே இருந்து தின்றுவிட்டு வெளியே போன வழி அது. புடோல் விதையை உடைத்தேன், உள்ளே பருப்பே இல்லை, வெறும் கோது. மிளகாய் விதையை ஈரக் கடதாசியில் சுற்றி ஃபிரிட்ஜுக்கு மேலே இளஞ்சூட்டில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை, பூஞ்சணம்தான் பிடித்தது.

சரி, கன்றாவது ஒழுங்காக வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏப்ரல் பிறந்து ஒரு நாள் வேலை முடிந்து வர, வாசலில் இரண்டு சட்டி. மணி அடிக்கவில்லை, சொல்லவில்லை, வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நல்ல உயரம், பளபளவென்று இலை. அந்த நேரம் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளில் இலை தொங்கத் தொடங்கியது. மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம் அளவாகத்தான் இருந்தது. தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டினேன். கையோடு வந்துவிட்டது. வேர் என்று ஒரு நூல்கூட இல்லை. அடியில் கத்தரிக்கோலால் சரிவாக வெட்டிய வெட்டு இன்னும் பச்சையாகவே தெரிந்தது. மற்றச் சட்டியும் அதேதான். யார் வீட்டு மரத்திலோ கொப்பை வெட்டி மண்ணில் குத்தி, ஒன்று 45 டொலர் என்று விற்றிருக்கிறார். கறிவேப்பிலையை விதையிலோ, வேரிலிருந்து கிளம்புகிற பக்கக் கன்றிலோதான் பிடிக்கலாம், கொப்பு ஊன்றி வருவது அருமை. மண் வெப்பத்தைப் பாகைக் கணக்கில் சொன்னவருக்கு இது தெரியாதா?

படம் எடுத்து அனுப்பினேன். "தண்ணி கூட விட்டிருப்பீங்கள் அக்கா, வேர் அழுகிட்டுது." அழுகின வேர் கறுத்து வழுவழுத்து இருக்கும், மணக்கும். இங்கே அழுகுவதற்கு வேர் இருந்தால்தானே! ரசீதும் முகவரியும் கேட்டேன். "நான் கடை வச்சிருக்கேல்லை அக்கா, ஹொபியாச் செய்யிறன். எங்கட ஆக்களுக்கு ஒரு உதவி." உதவியாம். 285 டொலருக்கு உதவி. அவருடைய பக்கத்திலேயே அந்த வெட்டுமுனைப் படத்தைப் போட்டேன். போட்ட உடனே அழிந்தது, பிறகு பக்கமே எனக்குத் தெரியாமல் போனது. மகளின் ஃபோனில் இன்னும் தெரிகிறது: "வசந்தகாலப் பொதி, 20 வீதம் கழிவு."

இன்று வங்கிக்குப் போனேன். இ-ட்ரான்ஸ்பர் வரவான பிறகு தங்களால் திருப்ப முடியாது, நீங்களே விரும்பி அனுப்பிய காசுதானே என்றார்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால் கதை வேறு. இணையத்தில் வாங்கிய பொருள் சொன்ன திகதி தாண்டி 30 நாளிலும் வராவிட்டால் ரத்துச் செய்ய ஒன்ராறியோச் சட்டத்தில் இடமிருக்கிறது, விற்றவர் காசைத் தராவிட்டால் அட்டை கொடுத்தவர்களிடமே கேட்கலாம். அந்த மூன்று வீதக் கதை எதற்கு என்று இப்போதுதான் விளங்குகிறது. குளிரும் அவருக்கு நல்ல துணை. ஜனவரியில் காசை வாங்கினால் ஏப்ரல்வரை கன்று எங்கே என்று யாரும் கேட்கப்போவதில்லை. கனடிய மோசடித் தடுப்பு மையத்தில் பதிந்திருக்கிறேன். அதனால் 285 டொலர் திரும்பி வரும் என்று யாரும் சொல்லவில்லை.

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கன்றை நேரில் போய்ப் பார்த்து வாங்குங்கள். தண்டைப் பிடித்து ஆட்டுங்கள், சட்டியைத் தூக்கி அடித்துளையில் வேர் தெரிகிறதா என்று பாருங்கள், விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வருடம் போடாத விதை வேண்டாம். முத்திரை இல்லாத லைற்றை வீட்டுக்குள் எடுக்க வேண்டாம். ஊரிலிருந்து தபாலில் கன்று எடுத்துத் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம், இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் வந்தால் பறித்துவிடுவார்கள். தெரியாத ஆளுக்கு இ-ட்ரான்ஸ்பர் வேண்டவே வேண்டாம்.

மிளகாய் இந்த வருடம் போச்சு, மே மாதம் நாற்றாக வாங்க வேண்டியதுதான். பாவலுக்கு நேரம் இருக்கிறது. போன வருடம் எடுத்து வைத்த என் சொந்த விதை கொஞ்சம் கிடக்கிறது, முனையை நகவெட்டியால் கிள்ளி ஊறப்போட வேண்டும். இதே தம்பியிடம், இதே பேச்சில் வேறு யாராவது காசு விட்டிருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து போனால் பொலிஸில் முறைப்பாட்டை எடுப்பார்கள் என்று மகள் சொல்கிறாள்.