பிரவுசர் காட்டும் எர்ரர் மெசேஜ்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

வெப் பக்கத்தின் ஃபார்மில் உள்ள தவறைச் சுட்டிக்காட்ட பிரவுசரிலேயே இருக்கும் வசதியைப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். சரிபார்க்கும் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. பயனரிடம் பேசும் வேலையை மட்டும் அதனிடம் விடக் கூடாது.

தொடக்கத்தில் சுகமாகத்தான் இருக்கும். எச்டிஎம்எல்லில் இன்புட்டுக்கு, அதாவது நிரப்பும் பெட்டிக்கு, 'ரிக்வயர்டு' என்று சேர்த்தால் காலியாக விட முடியாது. டைப்பை ஈமெயில் என்று வைத்தால் அட் குறி இல்லாத முகவரி தாண்டாது (டொமைனில் புள்ளி இல்லாவிட்டால் கண்டுகொள்ளாது, அது வேறு விஷயம்). ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூடத் தேவையில்லை.

தொல்லை, தவறைச் சொல்லப் பெட்டிக்குப் பக்கத்தில் பிரவுசர் காட்டும் சின்னக் குமிழியில்தான். நாலு இடத்தில் தவறு இருந்தாலும் முதல் தவறுக்கு மட்டும் வரும். படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடும். பக்கம் முழுக்கத் தமிழில் இருந்தாலும் பிரவுசரின் மொழி ஆங்கிலம் என்றால் மெசேஜும் ஆங்கிலம். எந்த வடிவத்தில் நிரப்ப வேண்டும் என்பதற்கு 'பேட்டர்ன்' கொடுத்துவிட்டு, அதை விளக்கும் 'டைட்டில்' எழுதாமல் விட்டால், கேட்ட வடிவத்தில் கொடுங்கள் என்று மட்டும் சொல்லும். எந்த வடிவம்? அதைச் சொல்லாது.

'செட்கஸ்டம்வேலிடிட்டி' என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை மூலம் நம் வாக்கியத்தை வைக்கலாம். ஆனால் வெற்று ஸ்ட்ரிங் கொடுத்து அதை அழிக்கும்வரை, பயனர் சரியாகத் திருத்தினாலும் அந்தப் பெட்டி தவறாகவே கணக்கில் இருக்கும். தட்டச்சு செய்யும்போதே அழித்துவிடுவது நல்லது.

எப்போது காட்டுவது என்பதும் முக்கியம். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில், தவறான பெட்டியைச் சிவப்பாக்க 'இன்வேலிட்' போட்டால், யாரும் தொடாத, கட்டாயம் நிரப்ப வேண்டிய காலிப் பெட்டிகூடப் பக்கம் திறந்ததுமே சிவக்கும். வாசலிலேயே திட்டு வாங்குவது போல. பயனர் தொட்ட பிறகே வேலை செய்யும் 'யூசர்-இன்வேலிட்' 2023 இறுதிக்குள் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. அப்புறம் இந்த எரிச்சல் இல்லை.

இப்போது ஃபார்மில் 'நோவேலிடேட்' போட்டுக் குமிழியை நிறுத்திவிடுகிறேன். அப்படிச் செய்தாலும், நாமே கேட்டுச் சரிபார்க்கும் 'செக்வேலிடிட்டி' கட்டளை வேலை செய்யும். காலியா, வடிவம் தப்பா, நீளம் குறைவா என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தனி வாக்கியத்தைப் பெட்டிக்குக் கீழேயே காட்டுகிறேன். "தவறான உள்ளீடு" என்பதைப் படித்தால் எங்கே கை வைப்பது என்றே தெரியாது. "ஈமெயில் முகவரியில் அட் குறி விடுபட்டுள்ளது" என்றால் உடனே திருத்திவிடலாம். ஃபோன் நம்பரில் இடைவெளி விட்டதற்கெல்லாம் மெசேஜ் எதற்கு? நம் நிரலிலேயே நீக்கிக்கொள்ளலாம். பாஸ்வேர்டு விதிகளையும் தப்பான பிறகு சொல்லாமல் முன்கூட்டியே எழுதிவைக்கலாம்.

சிவப்பு நிறம் மட்டும் போதாது. தவறை எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது, மாற்றுத்திறனாளிகளும் வெப் பக்கங்களைப் பயன்படுத்த வழிகாட்டும் டபிள்யூசிஏஜியின் விதி 3.3.1. மெசேஜை 'ஏரியா-டிஸ்க்ரைப்டுபை' என்ற எச்டிஎம்எல் குறிப்பு வழியாகப் பெட்டியோடு இணைத்தால், திரையில் உள்ளதைச் சத்தமாகப் படிக்கும் ஸ்கிரீன் ரீடர் அந்தப் பெட்டிக்கு வரும்போது அதையும் வாசிக்கும். சப்மிட் செய்ததும் தவறான முதல் பெட்டிக்கு ஃபோகஸை (தட்டச்சு செய்யும் இடத்தை) நகர்த்துவதும் சேர்ந்தால் வேலை எளிது.

சர்வரில் மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும். "இந்த ஈமெயிலில் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது" போன்ற பதில் அங்கிருந்துதான் வரும். அதையும் அதே பெட்டிக்குக் கீழேதான் காட்டுகிறேன். பாஸ்வேர்டு தவிர, நிரப்பிய மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்.